பாதி கழுவிய பாம்பு

எண்ணூர்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

ஜுபைர் தம்பிக்கு,

என் பெயர் டோரதி. பெயரை வைத்து உங்களுக்கு என்னைத் தெரியாது. போன வருடம் புயலுக்குப் பிறகு, முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய வாரத்தில், விரியன் கடித்த ஜெரால்டின் மனைவி என்றால் தெரிந்துவிடும். குப்பத்து அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள்.

உங்கள் பழைய நம்பருக்கு எத்தனை முறை அடித்தேன் என்று கணக்கில்லை. உபயோகத்தில் இல்லை என்றே சொல்கிறது. எங்கள் தெரு மின்பெட்டியில் 'பாம்பு வந்தால் அடிக்காதீர், அழைக்கவும்' என்று சிவப்புப் பெயிண்டில் நீங்கள் எழுதி வைத்த அதே நம்பர். போன மாதம் தண்டையார்பேட்டையில் உங்கள் அக்கா தாஹிராவின் தையல் கடையைத் தேடிப் போனேன். "நம்பர் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போயிட்டான். அட்ரஸ் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றார். ஜாக்கெட் அளவு குறிக்கும் சீட்டில் உங்கள் மாதவரம் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அதனால்தான் கடிதம்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஆன்சிக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை. வெள்ளைக் கவுன் போட்டுக் கையில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா நின்றார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காது. மற்றபடி ஜூன் மாதத்திலிருந்து கடலுக்குப் போகிறார். அவர் அங்கே நிற்பதற்கு யார் காரணம் என்று பூசை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது வெறும் வெள்ளம் இல்லை. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அதோடு பாம்புகளும் வந்தன. எல்லாமே கறுப்பு. எது சாரை, எது நல்ல பாம்பு, எது சேற்றுப் பாம்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறந்ததிலிருந்து பாம்போடு இருக்கிறவர்கள் நாங்கள். வலையில் கடல் பாம்பு ஏறினால் வாலைப் பிடித்துத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த மீனை எடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் அந்த வாரம் தரையில் கிடந்த கயிற்றைக்கூட ஒருவரும் மிதிக்கவில்லை.

எங்கள் வாசலில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒன்று வந்து சுருண்டது. போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். தண்ணிப் பாம்பு மாதிரி இருக்கிறது என்றீர்கள். அதன் பிறகு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளத்தில் அடிபட்டவர்கள் கூட்டம். நான் சீட்டு எழுதுபவரிடம், "தண்ணிப் பாம்புதான், விஷம் இல்ல," என்று சொன்னேன். பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தோம்.

அப்போது நீங்கள் வந்தீர்கள். இடுப்பு வரை நனைந்து, காலெல்லாம் எண்ணெய். நேராக டாக்டரிடம் போனீர்கள். "நான் தப்பா சொல்லிட்டேன் சார். அது தண்ணிப் பாம்பு இல்ல. கண்ணாடி விரியன்." கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் வைத்தார்கள். சாய்த்தபோது உறையாமல் தண்ணீராக ஓடியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

தப்பாகச் சொன்னவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். தப்பாகச் சொன்னேன் என்று சொல்ல வெள்ளத்தில் நடந்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதற்குக் கூலியாக என் கொழுந்தன் ஜோ எல்லோர் முன்னாலும் உங்களை அறைந்தான். நான் தடுக்கவில்லை.

நீங்கள் போன பிறகு எங்கள் தெருவில் பதினொரு பாம்பு அடித்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச எழுதவில்லை. நன்றி. அவ்வளவுதான்.

டோரதி


மாதவரம்
18 அக்டோபர் 2024

திருமதி டோரதி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கணவர் நலமாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நன்றி எனக்கு உரியதல்ல. நான் கண்டெய்னர் யார்டில் டேலி கிளார்க்காக இருந்தவன். வந்தது எத்தனை, போனது எத்தனை என்று நேரத்தோடு எழுதுவது என் தொழில். அந்த நாளையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

7 டிசம்பர் 2023, வியாழன். 11.20க்கு உங்கள் போட்டோ வந்தது. 11.24க்கு உங்களை அழைத்து, தண்ணிப் பாம்பு என்றேன். 1.10க்கு ஒரு மேட்டில் ஏறி நின்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு பருத்திருந்தது, வால் திடீரென்று சிறுத்திருந்தது. தண்ணிப் பாம்புக்கு அப்படி இருக்காது. 1.12லிருந்து 1.50 வரை பதினான்கு முறை உங்களை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. 2.35க்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். வாசலில் அலுமினியத் தொட்டிக்குப் பக்கத்தில் அடிபட்டுக் கிடந்தது. யாரோ அதைப் பாதி கழுவியிருந்தார்கள். தலைப் பக்கம் கறுப்பு. வால் பக்கம் பழுப்பில் வரிசையாக வளையங்கள். அடித்த பிறகு என்ன பாம்பு என்று தெரிந்துகொள்ளக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். 3.30க்கு ஆஸ்பத்திரி.

தண்ணிப் பாம்பு என்று நான் சொன்னதால் அடிக்காமல் விட்டீர்கள். விட்டதால் அது வீட்டுக்குள் வந்து கடித்தது. என் ஒரு சொல்லை நம்பி அவர் விஷத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உங்கள் கொழுந்தன் என்னை அறைந்தது நியாயம்.

அன்றிரவே சிம் கார்டை உடைத்துவிட்டேன். ஜனவரியில் யார்டு வேலையையும் விட்டேன். இப்போது இங்கே ஒரு லாரி ஷெட்டில் பார்சல் இறக்குவதை எழுதுகிறேன். இங்கேயும் பாம்பு வருகிறது. நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

தயவுசெய்து மறுபடி எழுத வேண்டாம்.

ஜுபைர்

பின்குறிப்பு: புதன்கிழமை பெய்த மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும். அங்கன்வாடியில் பிள்ளைகளின் பாயைச் சுருட்டியபடியே கையில் எடுக்கக் கூடாது. கம்பால் தள்ளி விரித்துவிட்டு எடுக்கவும். மின்பெட்டியில் இருக்கும் என் நம்பரை அழித்துவிடவும்.


எண்ணூர்
25 அக்டோபர் 2024

தம்பி,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருந்தால் நான் மனுஷி இல்லை. மின்பெட்டி மின்வாரியத்துக்குச் சொந்தம், அதில் கை வைத்தால் திட்டுவார்கள். அது இருக்கட்டும்.

நீங்கள் எழுதிய நேரங்கள் எல்லாம் சரி. ஒன்று மட்டும் தப்பு. பாம்பை அடித்த பிறகு யாரும் கழுவவில்லை. உயிரோடு கழுவினார்கள். கழுவியது ஜெரால்டு.

அந்த வாரம் எங்கள் ஆண்கள் எல்லோரும் வாளியும் மக்கும் வைத்து முகத்துவாரத்தில் எண்ணெய் அள்ளினார்கள். வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் குளிப்பார்கள். வலையைக் கழுவினோம், படகைக் கழுவினோம், ஆட்டைக் கழுவினோம். கரையில் யாரோ படித்த பிள்ளைகள் வந்து கூழைக்கடாக்களைப் பிடித்து அதே சோப்பில் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெரால்டு அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

டிரம்முக்குப் பின்னால் கிடந்தது சீறவில்லை, நகரவில்லை. "பாவம், நம்மள மாதிரியே கீது பாரு," என்றார். நீங்கள் தண்ணிப் பாம்பு என்று சொன்னதும் வாலைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட்டார். "கூழைக்கடாவுக்கு மட்டும்தான் சோப்பா? இதுவும் நம்ம முகத்துவாரத்து ஆளுதான்." வாலிலிருந்து தேய்த்துக்கொண்டே மேலே வந்தார். நானும் ஆன்சியும் பக்கத்தில் நின்று பார்த்தோம். தண்ணீர் ஊற்றினேன். ஆமாம், நான்தான் ஊற்றினேன். பாதி தேய்த்தபோது ஆன்சி சொன்னாள்: "நைனா, இது சங்கிலி போட்டுகினு கீது." அவர் குனிந்து பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டு அதற்கும் அப்போதுதான் உயிர் வந்திருக்கும் போல. திரும்பி அவர் விரலைக் கடித்தது; அப்போதும் நான் நம்பியது நீங்கள் சொன்ன பேரைத்தான்.

இப்போது மீதியைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல்தான் முதல் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன்.

11.24க்கு நீங்கள் சொன்னது ஒரு வாக்கியம் இல்லை. இரண்டு. "தண்ணிப் பாம்பு மாதிரிதான் இருக்குக்கா. ஆனா எதுவா இருந்தாலும் கை வெக்காதீங்க, வழி விட்டு நில்லுங்க, அதுவே போயிரும்." போன் என் காதில்தான் இருந்தது. நான் திரும்பி ஜெரால்டிடம் சொன்னது: "தண்ணிப் பாம்பாம்." அவ்வளவுதான். இரண்டு நாளாக அந்தக் கறுப்புச் சுருளைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். முதல் பாதியைக் கேட்டதும் அந்தப் பயம் விட்டுப்போனது. இரண்டாம் பாதி காதில் விழுந்தது, வாயில் வரவில்லை.

ஜோ அறைந்தபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். அன்று முதல் தெருவே சொல்கிறது: "பாய் பேச்சக் கேட்டுத்தான் ஜெரால்டுக்கு இந்தக் கதி." வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நன்றி சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி.

டோரதி


மாதவரம்
4 நவம்பர் 2024

திருமதி டோரதி அவர்களுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். தீபாவளி விடுமுறையில் ஷெட்டில் வேலை இல்லை, அதனால் படிக்க நேரம் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் நல்லது.

பாம்பைப் பற்றிக் கேட்கிற எல்லோரிடமும் கை வைக்காதீர்கள் என்று சொல்வேன். உங்களிடம் சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. நேரம் எல்லாம் எழுதி வைத்தேன். சொன்னதை எழுதி வைக்கவில்லை. பதினொரு மாதமாக ஒவ்வொரு நாளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சொல்லியிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். சொல்லாததை இப்போது சேர்த்துக்கொள்கிறாய் என்று மறுநாள் தோன்றும். அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். எண்ணூருக்கும் மாதவரத்துக்கும் இருபது கிலோமீட்டர்தான்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. கோபம் வரக்கூடாது என்று உட்கார்ந்து பார்த்தேன், வருகிறது. வேலையை விட்டேன். ஆறு வருடம் பழகிய தோஸ்துகள் யாரையும் பார்ப்பதில்லை. பாம்பைத் தூக்கிய கையால் பார்சல் லேபிள் ஒட்டுகிறேன். நன்றி சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் என் பங்கை உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன். அன்று உங்களுடையது முப்பத்தோராவது அழைப்பு. சாலை நடுவில் தடுப்புச் சுவர் மேல் நின்றுகொண்டிருந்தேன். வால் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ கேட்பது என் வழக்கம். கேட்கவில்லை. "சீறுதா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றீர்கள். விரியன் என்றால் குக்கர் விசில் மாதிரி சீறும். எண்ணெயில் ஊறிக் குளிரில் செத்துக்கொண்டிருக்கிற விரியன் சீறாது என்பதை யோசிக்கவில்லை. யோசிக்க மூன்று நிமிடம் போதும். அந்த மூன்று நிமிடம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை தெரியுமா? "பாய் பாத்தா ஒரு செகண்டுல சொல்லிருவாரு" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பாம்புக்கு நான் பயந்ததில்லை. என் வாய்க்குப் பயப்படுகிறேன்.

கோபம் தணிந்தால் எழுதுகிறேன்.

ஜுபைர்


எண்ணூர்
11 நவம்பர் 2024

தம்பி,

கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. மன்னிப்பு கேட்கிறேன். அதற்குப் பதில் வேண்டாம்.

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. அதற்கு முன்பே, இரண்டாம் தேதி, ஒன்று செய்துவிட்டேன். அன்று கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைக்கக் குடும்பமே வந்திருந்தது. பக்கத்துக் கல்லறைகளில் தெருக்காரர்களும் இருந்தார்கள். செத்தவர் முன்னால் நின்று பொய்யை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றியதும் சொல்லிவிட்டேன். பாய் இரண்டு வாக்கியம் சொன்னார், நான் ஒன்றைத்தான் சொன்னேன், என்று.

ஜோ தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அண்ணி, இத்த ஒரு வருசமா வயித்துலயே வச்சிகினு கீறியா?" என்றான். ஆமாம் என்றேன். "நான் அந்தாள அடிச்சேனே." தீப்பெட்டியைக் கீழே வைத்தான். "ஏன்னே தெரியாம ஒரு ஆள அடிச்சிட்டு, அவன் திருப்பி அடிக்கலன்னு பெருமையா வேற சொல்லிகினு கீறேனே." ஜெரால்டு மட்டும் சிரித்தார். "பாம்புக்கு சோப்பு போட்டது நானு. என்ன வுட்டுட்டு ஆளாளுக்கு அழுவுறீங்க."

அவர் சிரிப்பார். ஆனால் சொல்கிறேன், உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வலையில் கடல் பாம்பு ஏறினால் அவர் கை பின்னால் போய்விடுகிறது. ஜோதான் எடுத்து விடுகிறான். இருபத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர், படகின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் ஏறி விளையாட எட்டு பழைய லாரி டயர்களைப் பாதி புதைத்து வைத்திருக்கிறோம். மூன்றாவது டயருக்குள் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை உள்ளே போவதை நான் பார்த்தேன். மண் பூசிய நிறம், நீளம் தெரியவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து சொன்னோம், ஆட்கள் வந்து அரை மணி நேரம் பார்த்தார்கள், தலை காட்டவில்லை, போய்விட்டார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளையும் கோயில் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருக்கிறேன். டயரோடு பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார்கள். சுவர் முழுக்க நான் வரைந்த படம், ஓலைக் கூரை. கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். மீன் விற்கிற ராமசெல்வி சொன்னாள்: "அந்த பாய் வந்து பாத்து சொல்லாம என் பேரனை அனுப்ப மாட்டேன்." அவள்தான் ஒரு வருடமாக உங்களை அதிகம் ஏசியவள்.

டோரதி


மாதவரம்
14 நவம்பர் 2024

அக்கா,

பதினொன்றாம் தேதி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இன்று வந்தது. என் பதில் உங்களுக்குச் சனிக்கிழமை வரும். தபால்காரருக்காகக் காத்திருக்கும் பாம்பை நான் பார்த்ததில்லை. அவசரமென்றால் யாரிடமாவது தாஹிரா கடைக்குச் சொல்லியனுப்புங்கள்.

கொளுத்தக் கூடாது. டயர் எரிந்தால் பாம்பு கூரைக்குத்தான் ஓடும், கூரையும் எரியும். டயருக்குள் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றக் கூடாது. குச்சியால் குத்தக் கூடாது. எலி இருக்கிறதா பாருங்கள். சத்துமாவு மூட்டை திறந்திருந்தால் எலி வரும், எலி வந்தால் அது வரும். மூட்டையைத் தகர டின்னில் போடுங்கள். சுற்றி யாரும் நடமாட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அது போக வாய்ப்புண்டு.

மீஞ்சூரில் சௌக்கத் அலி என்று ஒருவர் இருக்கிறார், நன்றாகப் பிடிப்பார். விலாசம் மறுபக்கத்தில்.

நான் வர மாட்டேன். வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து என்ன பாம்பு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

கல்லறையில் சொன்னீர்கள் என்று படித்தபோது ஷெட்டில் இருந்தேன். லாரிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று இப்போது தெரிகிறது.

ஜுபைர்


எண்ணூர்
18 நவம்பர் 2024

தம்பி,

சௌக்கத் அலி கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாராம். மூட்டையை டின்னில் போட்டுவிட்டோம். அது போகவில்லை. நேற்று டயருக்குள்ளிருந்து உடம்பு கொஞ்சம் தெரிந்தது. சனிக்கிழமை வரைதான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஜோ கையில் கொடுத்துத் தாஹிரா கடைக்கு அனுப்புகிறேன்.

கீழே எழுதியிருப்பது ஜெரால்டு சொன்னது. அப்படியே எழுதச் சொன்னார்.

"பாய், நீ புடிக்க வேணாம். நீ வந்து பக்கத்துல நின்னா போதும். நானும் நிக்கிறேன். எனக்கும் பயமாத்தான் கீது."

டோரதி


மாதவரம்
25 நவம்பர் 2024, திங்கள்

டோரதி அக்காவுக்கு,

சனிக்கிழமை நீங்கள் கோயில் தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு இருந்தீர்கள். நான் கிளம்பும்போது பேச முடியவில்லை. டயர் பக்கம் என்ன நடந்தது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். இந்த முறை சொன்னதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

காலை 9.50க்குத் திருவொற்றியூரில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தேன். கொக்கிக் கம்பையும் சாக்கையும் தாஹிரா பரணிலிருந்து எடுத்து, ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துக் கொடுத்திருந்தாள். 10.10க்கு நான் உள்ளே வந்தபோது நாற்பது பேர் இருந்தார்கள். ஜெரால்டு அண்ணன் சொன்ன மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றார். என் தோளில் கை வைத்தார்.

ஜோ எதிரே நின்றார். சாக்கை வாங்கிக்கொண்டார்.

ராமசெல்வி அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வருசம் ஒண்ணு கழிச்சி வந்து கீறே. இன்னா பாம்புன்னு சொல்லிட்டு வேலையப் பாரு," என்றார்.

குனிந்து, கைக்கண்ணாடியில் வெயிலைத் திருப்பி டயருக்குள் அடித்தேன். உள்ளே மழைத் தண்ணீர், சருகு, சேறு. இரண்டு விரல் அகலத்துக்கு உடம்பு தெரிந்தது. செதிலெல்லாம் சேறு. தலையும் இல்லை, வாலும் இல்லை. எனக்குச் சாரை என்று பட்டது. அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது, அக்கா. நாற்பது பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருந்தால் எல்லோர் முகமும் தெளிந்திருக்கும். நாம் சொல்லி ஊர் கேட்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது எனக்குத் தெரியும்.

நிமிர்ந்து, "தெரியல," என்றேன்.

நாற்பது பேரும் டயரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ராமசெல்வி அக்கா, "தெரியலயா? இத்தச் சொல்லத்தான் மாதவரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தியா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"தெரியற வரைக்கும் விஷப் பாம்புன்னே வெச்சிக்குவோம். நான் இங்கயே இருக்கேன். அதுவா வெளிய வரட்டும். எவ்ளோ நேரம் ஆவும்னும் தெரியல," என்றேன்.

அப்போது ஜோ பேசினார். என்னிடம் இல்லை. "ராமசெல்வி, நாளைக்கு இன்னா மீன் வரும்னு உன்னக் கேட்டா இன்னா சொல்லுவ?"

"எனக்கு இன்னா தெரியும்? கடலக் கேளு."

"அப்ப நீ மட்டும் விடிஞ்சா கூடைய எடுத்துகினு வந்து கரையில குந்திகினு கீற இல்ல? குந்து."

ராமசெல்வி அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். ஜோ உள்ளே போய் அங்கன்வாடி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி அது, என் பின்னால் போட்டார். "உக்காரு பாய்," என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. ஜெரால்டு அண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. வெயில் ஏறியதும் டயர் சூடானது. 11.50க்குத் தலை வந்தது, 11.53க்கு முழு உடம்பும் வந்தது. சாரை. ஆறடி இருக்கும். பிடித்து ஜோ விரித்த சாக்கில் விட்டேன். சாக்கின் வாயைக் கட்டும்போது ஜெரால்டு அண்ணன் எழுந்து வந்து, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மடங்காத விரலோடு. உள்ளே அது புரண்டது. அவர் கையை எடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

"சாரைக்கா இம்மா நேரம்?" என்றார் ராமசெல்வி அக்கா. நான் சிரித்துவிட்டேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பிற்பகல் உப்பளம் தாண்டிப் புதரில் விட்டேன். இன்று ஷெட்டில் பார்சல் எழுதும்போதும் அந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் முதல் கடிதத்தில் எனக்கு நன்றி சொன்னீர்கள். அது என்னுடையது இல்லை என்று திருப்பி அனுப்பினேன். இப்போது நான் அனுப்புவதை நீங்கள் திருப்பக் கூடாது. உங்களுக்கும், அங்கே இருந்த நாற்பது பேருக்கும், பேர் தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

ஒன்பது வருடம் பாம்பு பிடித்தேன், அக்கா. தெரியல என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார முடியும் என்பதும், அதைக் கேட்ட பிறகும் ஒருவர்கூட எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

ஜுபைர்